மாசி மாதத்து விரால்

"வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவரு கேக்கறத எல்லாம் வாங்கிக் குடுங்க" என்று கடலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது, அந்த வார்டிலேயே சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு மாதத்துக்கும் மேலாக உப்பு கூடாது, காரம் கூடாது, எண்ணெய் கூடாது என்று கஞ்சியையும் ரொட்டியையும் கொடுத்துப் படுக்கப் போட்டிருந்த மனிதருக்கு இனிமேல் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றால் வியாதி போய்விட்டது என்றுதானே அர்த்தம்? அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுததைக்கூட ஆனந்தக் கண்ணீர் என்றே எடுத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையாக இருந்த பெண்ணிடம் "எங்க அப்பாவுக்குச் சரியாயிட்டுது" என்று சொன்னேன். அவள் என் தலையைத் தடவிவிட்டு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தாள். அதையும் வாங்கித் தின்றேன்.

அப்பா மினி பஸ் டிரைவர். சிதம்பரத்திலிருந்து குமராட்சி வழியாக எங்கள் ஊருக்கு வந்து திரும்பும் வண்டி. எங்கள் வீட்டைத் தாண்டும்போது இரண்டு முறை ஹாரன் அடிப்பார். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு என்று நானே பங்கு பிரித்து வைத்திருந்தேன். அந்த வருஷம் பொங்கலுக்கு முன்பே அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். வயிற்றுக்குள் கட்டி என்றார்கள். வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போக, கையும் காலும் குச்சியாகிவிட்டன. புதிதாக வந்த டிரைவர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஹாரன் அடிக்க மாட்டார். நோயாளி தூங்குகிற வீடு என்று அவரிடம் யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

வாடகைக் காரில் ஊருக்குத் திரும்பினோம். முன்சீட்டில் மாமா, பின்னால் அப்பாவை மடியில் சாய்த்துக்கொண்டு அம்மா, ஓரத்தில் நான். மாமா அம்மாவின் தம்பி. நிலையான வேலை என்று எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் அவருக்குச் சோறு போடும்போதெல்லாம் அம்மா ஒரு திட்டையும் சேர்த்தே போடுவாள். அவரும் இரண்டையும் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் திரும்பிப் பார்த்து, "மச்சான், என்னா சாப்புடணும்னு தோணுது, சொல்லுங்க" என்றார்.

அப்பா அம்மாவின் மடியிலிருந்து தலையைத் தூக்கினார். "நம்ம ஏரி விராலு மாப்ள. புளிய தூக்கலா ஊத்திக் கொழம்பு வெச்சா ரெண்டு வாய் எறங்கும்."

"மாசி மாசத்துல விராலுக்கு எங்க மச்சான் போறது?" என்று மாமா வாய்தவறிக் கேட்டுவிட்டார். அம்மா பார்த்த பார்வையில் உடனே, "புடிச்சிட்டாப் போச்சு" என்று முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா கேட்டதில் நியாயம் இருந்தது. ஐப்பசி கார்த்திகையில் என்றால் விரால் பிடிப்பது பெரிய வித்தை இல்லை. புது வெள்ளம் வந்ததும் அது கரையோரத்துக் கோரைக்குள் வந்து முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் ஒரு முறம் அகலத்துக்குச் சிவப்பாகத் தண்ணீர் மேல் திரியும். அதற்குப் பார்ப்பு என்று பெயர். பார்ப்புக்கு அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். நடுவில் எதைப் போட்டாலும் பசி இல்லாவிட்டாலும் கோபத்தில் பாய்ந்து கவ்வும். தூண்டிலைத் தலைகீழாகப் பிடிக்கிறவன்கூடப் பிடித்துவிடலாம். எங்கள் வீட்டில் மட்டும் பார்ப்போடு நிற்கும் விராலைப் பிடிப்பதில்லை. பிள்ளைக்குக் காவல் நிற்பதைத் தூக்கி வந்து தின்னக் கூடாது என்பது அப்பா வீட்டுப் பழக்கம். ஊரே விரால் குழம்பு வைக்கும் கார்த்திகையில் எங்கள் வீட்டில் கத்திரிக்காய் கொதிக்கும். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்வார்கள்.

சீசன் முடிந்த பிறகு கதையே வேறு. மாசியில் கோரைப் பக்கம் விரால் எட்டிக்கூடப் பார்க்காது. மதகுக்கு அடியில் இருக்கும் மடுவில், ஆழத்தில், சேற்றோடு சேறாகக் கிடக்கும். மூச்சுவிட ஒரு தடவை மேலே வந்து 'ளப்' என்று காற்றை விழுங்கிவிட்டுப் போய்விடும். இதெல்லாம் மறுநாள் காலை மதகுக் கட்டையில் உட்கார்ந்தபடி மாமா எனக்குச் சொன்னது. "இப்ப கோரையில போட்டின்னா பொழுதுக்கும் ஒக்காந்துகிட்டே இருக்க வேண்டியதுதான். ஒரு பய இருக்க மாட்டான். எல்லாம் இங்க கெடக்கறானுங்க" என்று தண்ணீரைக் காட்டினார். இந்த விஷயத்தில் மாமாவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் நம்பினேன். அப்பா மீன் பிடித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளாக அவர் கையில் ஸ்டியரிங்கைத்தான் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இரண்டு நாள் மாமாவோடு மதகில் இருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அதுவும் அப்பாவுக்குக் குணமான சந்தோஷத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் குழாயடிச் சாக்கடையில் தவளைக்குஞ்சு பிடித்துக் கொடுப்பேன். மாமா அதை முதுகுப்பக்கமாகத் தூண்டில் முள்ளில் கோத்து, தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகிற மாதிரி இழுப்பார். எப்போதும் ஓயாமல் கதை விடுகிற மனிதர் வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு விரால் கவ்வி, பாதி மேலே வந்து, முள்ளை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டது. மாமா தூண்டில் கழியை முழங்காலில் வைத்து உடைத்தார். பிறகு மதகுக்குப் பின்புறம் இறங்கிப் போய், முகத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். ஒரு மீனுக்காக இவ்வளவு பெரிய ஆள் அழுவாரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மாமா ஏரிக்குப் போகவில்லை. சிதம்பரம் மீன் மார்க்கெட்டுக்குப் போய், தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பையில் ஒரு பண்ணை விராலை வாங்கி வந்தார். தெருமுனையில் என்னைப் பார்த்துவிட்டார். பையை வேலி மறைவில் கிழித்துப் போட்டு, மீன் மேல் ஏரிச் சேற்றைப் பூசிக்கொண்டே, "அப்பாகிட்ட சொன்ன, தோல உரிச்சுடுவேன்" என்றார். தோலை உரிக்கிற குரலாக அது இல்லை.

அம்மா குழம்பு வைத்தாள். கடலூரிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அவரைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைத்தாள். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்குக் கையை ஆட்டி வேண்டாம் என்றார். மாமா கதவோரம் நின்றிருந்தார்.

"ஏரி மீனுதான் மாப்ள. வாசனையே சொல்லுதே" என்றார் அப்பா. மாமா தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சாப்பிட்ட இரண்டு வாயும் வெளியே வந்துவிட்டது.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஏரி விரால் சாப்பிட்டால்தான் அப்பாவுக்கு உடம்பு தேறும். டாக்டரே கேட்டதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். அப்பா கேட்டது ஏரி விரால். நாம் கொடுத்ததோ மார்க்கெட் விரால். உடம்பு ஏமாறுமா? அதனால்தான் வெளியே தள்ளிவிட்டது. இப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே கண்டுபிடித்தேன்.

மறுநாள் காலையில் அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து அப்பாவின் காதில், "நேத்து அது மார்க்கெட்டு மீனுப்பா. மாமா பொய் சொல்லிட்டாரு" என்றேன். அப்பா சிரித்தார். சிரிக்கும்போது வலித்திருக்க வேண்டும், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் பாப்பா. மாமாகிட்ட சொல்லிக்காத. பாவம், அலைஞ்சிருக்கான்."

"நான் நெஜ ஏரி மீனு புடிச்சாரேன். சாப்புட்டா ஒனக்குச் சரியாயிடும்."

அப்பா என் கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். பிறகு தூங்கிப்போனார்.

அன்று மத்தியானத்துக்கு மேல் வீட்டின் நிலைமை மாறிவிட்டது. ஊசி போட நர்ஸைக் கூட்டி வர மாமா குமராட்சிக்கு ஓடினார். அம்மாவும் அத்தையும் அடுப்படியில் நின்று தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனபோது அப்பா தலையணையின் ஒரு மூலையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விட்டுவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

"பாப்பா, மீனு புடிக்கறன்னியே, போறியா?"

"தோ, இப்பவே போறேம்ப்பா."

"கோரக்கரையில போய்ப் போடு. அந்தக் கடைசியில, ஈச்சமரம் இருக்குல்ல, அங்க."

"மாமா மதகுலதான் இருக்கும்னாரு."

"அவனுக்கு என்னா தெரியும்? நான் சொல்றத கேளு. கோரையிலதான் இருக்கும். ஆனா லேட்டாவும். பொழுது எறங்கற வரைக்கும் எழுந்திரிக்காம ஒக்காந்திரு. நடுவுல வூட்டுக்கு வராத. வந்தின்னா மீனு போயிடும். சரியா?"

சரி என்று தலையாட்டிவிட்டு ஓடினேன். வாசலைத் தாண்டும்போது அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எப்போதும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். திரும்பி என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, போ" என்றார்.

ஈச்சமரம் ஏரியின் அடுத்த கோடியில் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேர நடை. முழங்கால் அளவு தண்ணீர். மாமா ஒட்டுப் போட்டு வைத்திருந்த கழியில் தவளைக்குஞ்சைக் கோத்துப் போட்டேன். ஒன்றும் அசையவில்லை. கோரைத் தாள்களுக்கு நடுவே தண்ணீர் அடி தெரியக் கிடந்தது. ஒரு நீர்க்கோழி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. தவளை செத்து வெளுத்தது. வேறு ஒன்றைக் கோத்தேன். அதுவும் செத்தது. நான் பொறுமையாகத்தான் இருந்தேன். ஆனால் ஒன்பது வயதுப் பொறுமைக்கு ஒரு அளவு இருக்கிறது. மூன்றாவது தவளையைக் கோக்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும், மீன் விஷயம் தெரியாது. மாமா சொன்னதுதான் சரி. அப்பாவுக்கு வேண்டியது மீன்தானே, எங்கே பிடித்தால் என்ன? பொழுது இறங்க இன்னும் வெகு நேரம் இருந்தது. கழியைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஓடி மதகுக்கு வந்தேன்.

மதகடி நிழல் தண்ணீரில் விழுந்திருந்தது. நான் உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் 'ளப்' என்று சத்தம் கேட்டது. வட்டம் பரவிய இடத்துக்குச் சற்றுத் தள்ளித் தவளையை இறக்கி, மாமா செய்ததுபோலவே தத்த விட்டேன். இரண்டாவது தத்தலில் கழி என் கையைப் பிடுங்கியது. விரால் இழுத்த இழுப்பில் மதகுச் சுவரில் முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. விடவில்லை. கழியைப் போட்டுவிட்டுத் தூண்டில் நரம்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு, திரும்பி ஓடினேன், வடம் இழுக்கிற மாதிரி. மீன் கரை ஏறிவிட்டது. என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் இருந்தது. கருப்பு முதுகு, வெளுத்த வயிறு. பாவாடையில் போட்டுச் சுருட்டிக்கொண்டு, "அப்பாவுக்குச் சரியாயிடும், அப்பாவுக்குச் சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஓடியது அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை.

வாசலிலேயே சத்தம் கேட்டது. கியர் விழாத வண்டியைப் போட்டு இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். அது ஒரு மனிதனின் தொண்டையிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போனேன். அத்தை அப்பாவின் கால்களை அமுக்கிப் பிடித்திருந்தாள். அம்மா தலைமாட்டில். நர்ஸும் இல்லை, மாமாவும் இல்லை. அப்பாவின் முதுகு வில்லாக வளைந்து கட்டிலை விட்டு எழும்பியிருந்தது. லுங்கி நனைந்திருந்தது. நான் பாவாடையை விரித்துக் காட்டினேன்.

"அப்பா! விராலு! மதகுல புடிச்சேன்!"

சத்தம் நின்றது. அப்பாவின் கண் என் மேல் வந்தது. அவர் அப்படி ஒரு பார்வை பார்த்து நான் கண்டதில்லை. மீனைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. வாயை இறுக மூடினார். கையைத் தூக்கி, போ, போ என்பதுபோல் இரண்டு தரம் வீசினார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தை எழுந்து வந்து என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அதன் பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மாமா நர்ஸோடு வந்து சேர்ந்தபோது தெருவில் இன்னும் வெயில் இருந்தது. ஊசிக்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

விரால் லேசில் சாகாது. கொல்லைத் தொட்டியில் யாரோ அதைப் போட்டிருந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அதனால் அது பிழைத்துக் கிடந்தது. நான் தினமும் அதற்குச் சோற்றுப் பருக்கை போட்டேன். அது தின்றதா என்று தெரியாது. கருமாதி முடிந்த மறுநாள், அவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் என்று அத்தை அதை அடித்துக் குழம்பு வைத்தாள். டிரைவிங் லைசென்ஸிலிருந்து பெரிதாக்கிய படம், காக்கிச் சட்டை, அதன் முன்னால் வாழையிலையில் என் மீன். எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை. குழந்தைக்கு அப்பா ஏக்கம் என்றார்கள். உண்மை அது இல்லை. அப்பா என்மேல் கோபமாகச் செத்துப்போயிருந்தார். சொன்ன இடத்தில் உட்காராமல், சொன்ன நேரம் வரை இருக்காமல், பேச்சை மீறிப் பிடித்த மீன் அது. நடுவில் வந்தால் மீன் போய்விடும் என்று சொன்னார். வந்தேன், அவரே போய்விட்டார். நான்தான் அவரைக் கொன்றேன் என்று இரண்டு வருஷம் நம்பினேன். அந்த நம்பிக்கை போன பிறகும், அவர் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது மனதை விட்டுப் போகவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

இப்போது நான் கடலூர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருக்கிறேன். கண்ணால் பார்த்ததைச் சத்தியம் செய்து சொல்கிறவர்களின் வாக்குமூலத்தைத் தினமும் அடிக்கிறேன். பார்த்தது உண்மையாக இருந்தும் புரிந்துகொண்டது தப்பாக இருக்கலாம் என்பது அங்கே சகஜம். என் விஷயத்தில் அது எனக்குத் தோன்றவில்லை.

போன மாசியில் அப்பாவுக்குத் திதி கொடுக்க ஊருக்குப் போனேன். மாமாவுக்கு இப்போது பாதித் தலை நரைத்துவிட்டது. டிவிஎஸ்ஸில் என்னைப் பின்னால் உட்கார வைத்து ஏரிக்கரை வழியாகக் கூட்டி வந்தார். ஈச்சமரம் இன்னும் இருந்தது. அதைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அப்பா அன்னிக்கு இங்கதான் மாமா தூண்டில் போடச் சொன்னாரு. நான்தான் கேக்காம மதகுக்குப் போயிட்டேன்."

மாமா வண்டியை நிறுத்தினார்.

"இங்கயா? கோரையிலயா? மாசி மாசத்துலயா?"

"ஆமா. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னாரு. பொழுது எறங்கற வரைக்கும் ஒக்காரச் சொன்னாரு."

மாமா ஈச்சமரத்தையும் தண்ணீரையும் பார்த்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைத்தார்.

"மாசியில மதகுல புடிக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே மச்சான்தான். பஸ்சு ஓட்டப் போறதுக்கு முன்னாடி இந்த ஏரியில அவருக்குத் தெரியாத மடு கெடையாது. நான் அன்னிக்கு நர்சம்மாவக் கூட்டியாரப் போனப்புறம், கொழந்த எங்கன்னு ஒங்கம்மா தேடுச்சாம். தேடாத, பொழுது எறங்கித்தான் வரும், நான்தான் அனுப்பியிருக்கேன்னாராம். எதுக்குன்னு எங்களுக்கு அப்ப வெளங்கல."

ஈச்சமரத்தடியில் தண்ணீர் அன்றைக்குப் போலவே அடி தெரியக் கிடந்தது. மீனே வராத இடமாகப் பார்த்து அவர் என்னை உட்கார வைத்திருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயை மூடிக்கொண்டது கோபத்தில் இல்லை. மிச்சமிருந்த சத்தத்தை எனக்குக் கேட்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டு போயிருக்கிறார். மாமா முன்னால் நான் வாய்விட்டு அழுதேன். அவர் இந்தத் தடவை முகம் கழுவப் போகவில்லை, நின்ற இடத்திலேயே அழுதார்.

அவர் கேட்பதை எல்லாம் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பொழுது இறங்கும் வரைக்கும் எழுந்து வராமல் உட்கார்ந்திரு என்று. அதை நான் கொடுக்கவில்லை.